பள்ளி மணிக்குப் பிறகு: தீவகப் பிள்ளைகளும் யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்வி வரலாறும்

யாழ்ப்பாணத் தீவகத்திலே பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை மணிக்கூடு தீர்மானிப்பதில்லை; படகுதான் தீர்மானிக்கிறது. நாட்டின் மற்றப் பாடசாலைகளைப் போலவே அங்கும் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு மணி அடிக்கிறார்கள். ஆனால் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களில் பலர் அந்தத் தீவுகளில் குடியிருப்பவர்கள் அல்லர். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாக பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து படகேறுகிறவர்கள். நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போதும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்; கடல் கொந்தளித்தால் அந்தக் கணக்கும் இல்லை. பின்னேரப் படகை விட்டால் இராத் தங்கல் தீவிலேதான். ஆகவே மணி அடித்ததும் ஆசிரியர் இறங்குதுறைக்குப் போகிறார், பிள்ளை வீட்டுக்குப் போகிறது. பள்ளிக்கூடம் பூட்டப்படுகிறது.

"இதில என்ன குறை? பாடம் நடந்துதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாடம் நடந்தது உண்மை. ஆனால் விவாதம், நாடகம், கையெழுத்துச் சஞ்சிகை, சாரணியம், உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், முதலுதவிப் பயிற்சி, மாணவர் மன்றம் என்று இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்ற பெயரில் நாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்பவை எல்லாம் மணிக்குப் பிறகுதான் நடக்க வேண்டும். அந்த நேரத்தைப் படகு கொண்டு போய்விடுகிறது.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்தவன். எங்கட சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதும்போதெல்லாம் எத்தனை பள்ளிக்கூடம் கட்டினோம், எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்றே கணக்கெடுக்கிறோம். மணிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் என்ன கற்றார்கள், யாரோடு கற்றார்கள் என்ற வரலாறு எழுதப்படவில்லை. ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு அந்த மற்ற வரலாறு பாட வரலாற்றுக்குக் குறைந்ததல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் கதையையும் தீவகத்தின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் மரபில் விளையாட்டும் விவாதமும்

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விளையாட்டும் மேடையும் மேற்கத்தியப் பள்ளிக்கூடங்கள் கொண்டுவந்த சங்கதி, எங்கள் மரபில் பிள்ளை ஓதவும் படிக்கவும் மட்டும்தான் வேண்டும் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். நூல்கள் வேறு விதமாகச் சொல்கின்றன.

பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் போதும் என்று சலிக்கும்வரை அதைப் பார்க்க விட்டார்கள். அன்னையோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்குமாறு உமர் (ரழி) அவர்கள் கூறியதாகவும் ஒரு சொல் வழங்கி வருகிறது.

கி.பி. 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும் இடம் இன்னும் நேரடியானது. ஓதி முடித்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், படிப்பின் களைப்பு அதனால்தான் தீரும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படி படி என்று நெருக்கினால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்து தப்பிக்கவே வழி தேடும் என்று எச்சரிக்கிறார். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்த எச்சரிக்கையை இன்றைய ரியூசன் வகுப்பு வாசலில் எழுதி ஒட்டலாம்.

இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய முகத்திமாவில் இன்னொரு பக்கத்தைத் தொடுகிறார். தன் காலத்து மக்ரிப் தேசத்து மாணவர்கள் ஆண்டுக்கணக்காகப் பாடசபையில் இருந்தும் வாய் திறக்காமலே இருந்தார்கள், மனப்பாடம் பெருகியது, ஆனால் அறிவைக் கையாளும் ஆற்றல் வரவில்லை என்று வருந்துகிறார். அந்த ஆற்றல் வருவதற்கு எளிய வழி, பேசியும் வாதித்தும் நாவைப் பழக்குவது என்பது அவர் முடிவு. நாம் 'மாணவர் மன்றம்' என்று வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் ஒப்புக்கு நடத்துவதை அவர் கல்வியின் நடுவிலே வைத்தார்.

தீவகம் ஒதுக்குப்புறமாக இருந்ததில்லை

தீவுப் பிள்ளைகள் 'பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைகள்' என்று இன்று சொல்கிறோம். அந்தப் பெயர் தீவகத்துக்கு அண்மையில்தான் வந்தது. நயினாதீவிலே இன்றும் நிற்கும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். பிறதேசத்தார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி என்று பங்கும் வகுக்கிறது.

குதிரை வியாபாரம் என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் அரபுக்கடல் வழி வந்த முஸ்லிம் வணிகர்தான். ஆகவே தீவகத்தின் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, வெளியிலிருந்து வருபவனை எப்படி வரவேற்பது, அவன் பொருளை எப்படி நியாயமாகப் பங்கிடுவது என்பதைப் பற்றியது. அது வாசலாக இருந்த இடம். நயினாதீவுக்குப் போகிறவர்கள் இன்றும் அதைக் காணலாம்: ஒரே சிறு தீவில் நாகபூஷணி அம்மன் கோயில், நாகவிகாரை, எங்கள் பள்ளிவாசல்.

அத்தகைய துறைமுகத்துப் பிள்ளை காற்று பார்க்கவும், நீந்தவும், பாய் கட்டவும், நிறுவை பார்க்கவும், நாலு பாஷைக்காரனோடு பேசவும் வகுப்பறையில் கற்றிருக்க முடியாது. பெரியவர்களோடு கூடத் திரிந்துதான் கற்றிருக்க வேண்டும். தொழிலும் விளையாட்டும் படிப்பும் பிரியாமல் இருந்த கல்வி அது. பிற்காலத்தில் பள்ளிக்கூடம் வந்து அந்த மூன்றையும் பிரித்தது. பிரித்த பிறகு விட்டுப்போனவற்றை மணிக்குப் பிறகு வைத்தது.

பயந்து விலகியதன் விலை

அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை எழுந்தன. இவற்றின் பாடத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பாடத்துக்கு வெளியே நடந்தவற்றின் விளைவையும் பார்க்க வேண்டும். 1841 இல் வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வந்த உள்ளூர் இளைஞர்கள். எழுதவும் வாதிடவும் அச்சடிக்கவும் பழகிய பிள்ளைகள் இருந்தபடியால்தான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை பிறந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய கிறிக்கெற் போட்டியை இன்றும் 'வடக்கின் பெரும்போர்' என்று சனம் திரண்டு பார்க்கிறது.

முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. மதம் மாற்றி விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. ஆனால் அதன் விலை பெரிது. ஆங்கிலப் பாடத்தை மட்டும் நாம் இழக்கவில்லை; ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடிப் பேசி, தோற்று, வென்று, நட்புக்கொள்ளும் பின்னேரங்களையும் இழந்தோம்.

இதைத் தீர்க்கத்தான் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை (1838–1898) பாடுபட்டார். 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகை, பிறகு பள்ளிக்கூடங்கள், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த உராபி பாஷா, கொழும்பு வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு சேர்ந்து 1892 இல் மருதானையில் ஸாஹிரா. மார்க்கத்தை விடாமல் நவீன கல்வி என்பது அவர்களின் நோக்கம். அந்த நோக்கத்துக்குள் மணிக்குப் பிந்திய நேரமும் அடங்கும் என்று பின்னர் காட்டியவர் எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர்.

அஸீஸ் படித்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி வண்ணார்பண்ணையில் பிறந்தார். குர்ஆன் பள்ளிக்கூடத்தில் ஓதிய பின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அடுத்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இரண்டும் சைவச் சூழலில் நடந்த பள்ளிக்கூடங்கள். அங்கே ஒரு முஸ்லிம் பெடியன் தமிழ் இலக்கியத்தைச் சொந்த வீட்டுப் பொருளாகக் கற்றான். தன் மார்க்கத்தையும் விடவில்லை.

அவர் படித்த காலத்து யாழ்ப்பாணம் எப்படியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1924 இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. சமபந்தி, சமஆசனம், சுதேசிப் பொருள், பூரண சுயராச்சியம் என்று பெரியவர்கள் பேசத் தயங்கியவற்றை அந்த இளைஞர்கள் பேசினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்கள்தான். அப்போது அஸீஸுக்கு 16 வயது, யாழ்ப்பாணம் இந்துவில் மாணவர். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு நாடு விழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் வளர்ந்தார்.

சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர். 1942 இல் யுத்தகால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். உத்தியோகம் நெல் விளைவிப்பது. உத்தியோக நேரத்துக்குப் பிறகு அவர் செய்தது கல்வி இயக்கம். விபுலானந்த அடிகளோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் நெருங்கிப் பழகினார்; கல்முனையில் ஒரு கல்விச் சங்கம் அமைத்தார். அந்த விதையிலிருந்துதான் 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதி முளைத்தது. அந்த நிதியால் படித்து டொக்டரும் இஞ்சினியரும் ஆனவர்களின் பிள்ளைகள் இன்று இந்தச் சஞ்சிகையை வாசித்துக்கொண்டிருப்பார்கள். கந்தோர் மணி அடித்த பிறகு ஒரு மனிதர் செய்த வேலையின் பலன் இது.

1948 இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபரானார். அவருக்கு முன்னே 1921 முதல் ரீ.பி. ஜாயா அந்தக் கல்லூரியைக் கட்டி எழுப்பியிருந்தார். 1961 வரை அஸீஸ் அங்கே இருந்தார். பரீட்சைக்கூடம் ஒன்றாக மட்டும் ஸாஹிரா இருப்பதை அவர் ஏற்கவில்லை. முஸ்லிம் சமூகத்தின் சிந்தனை அங்கிருந்து பரவ வேண்டும் என்று விரும்பினார். மைதானமும் மேடையும் அதற்குள் அடங்கின. முஸ்லிம் அல்லாத மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கே வந்தார்கள். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு மாணவராக இருந்தார், பிறகு ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்து பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்ற அதே சிவத்தம்பிதான். வண்ணார்பண்ணை முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில் படித்தது ஒரு பக்கம், கரவெட்டி இந்துப் பிள்ளை ஸாஹிராவில் படித்தது மறுபக்கம். இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் பாடவேளையில் மட்டும் நடக்கிறதல்ல.

1950 இல் அஸீஸ் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை இதே எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. பள்ளிக்கூடம் விட்ட இளைஞனுக்கும் கூடிப் பேச, சேவை செய்ய, தலைமை தாங்கப் பழக ஓர் இடம். அவர் 1973 நவம்பரில் மறைந்தார். ஏழு ஆண்டு கழித்து 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. தன்னை வளர்த்த ஊர் தன் பிள்ளையை மறக்கவில்லை.

புங்குடுதீவில் ஒரு கூட்டம்

தீவகத்திலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) ஆசிரியர், எழுத்தாளர். அவரைச் சுற்றி ஊர் இளைஞர்கள் கூடினார்கள்; வாசித்தார்கள், விவாதித்தார்கள், சர்வோதய வேலைகள் செய்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை வேண்டும் என்று சத்தியாக்கிரகமும் இருந்தார்கள். பேச்சோடு நிற்காமல் அடியும் பட்டார்கள். தம்பி மு. பொன்னம்பலமும், சு. வில்வரத்தினமும் (1950–2006) அந்தக் கூட்டத்திலிருந்து வந்த கவிஞர்கள். எந்தப் பாடவிதானத்திலும் இல்லாத ஒரு பள்ளிக்கூடம் அது. ஆசிரியர் ஒருவர் ஊரிலேயே குடியிருந்ததால் அது சாத்தியமாயிற்று என்பதைக் கவனியுங்கள். பின்னேரப் படகு பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு இருக்கவில்லை.

பின்னேரம் பறிபோன கதை

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு தீவுச் சனத்துக்குக் கடற்பயணம் என்றாலே நெஞ்சு பதறியது. 1990, 1991 ஆண்டுகளில் யுத்தம் தீவகத்துக்குள் வந்தபோது ஊர்கள் காலியாகின. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' (1995) அப்படிச் சனம் போன பிறகு காற்று மட்டும் மிஞ்சிய ஊர்களைப் பற்றியது.

அதே 1990இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகும்படி உத்தரவு. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

எந்த மைதானத்தில் உதைபந்து உருண்டதோ, இல்ல விளையாட்டுப் போட்டி நடந்ததோ, அதே மைதானத்திலிருந்துதான் அந்தச் சமூகம் கலைக்கப்பட்டது. வரலாறு எழுதுகிறவர்கள் வெளியேற்றத்தில் இழந்த வீடு, கடை, நகை, காணி என்று பட்டியல் போடுகிறார்கள். போட வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் சேராத ஒரு பொருள் இருக்கிறது. பாடப்புத்தகம் புத்தளத்திலும் அதே பாடப்புத்தகம்தான். ஆசிரியரும் கூட வந்தார், மாணவரும் வந்தார், பரீட்சையும் வந்தது. மணிக்குப் பிந்திய நேரம் மட்டும் வரவில்லை. அதற்கு மைதானம் வேண்டும், அயலவர் வேண்டும், எதிர்த்து விளையாட இன்னொரு பள்ளிக்கூடம் வேண்டும், பழைய மாணவர் வேண்டும். அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

புத்தளத்தில் நான் படிப்பித்த இடத்தில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த அதே வாங்குகளில் பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். இடம் கொடுத்தவர்களின் பெரிய மனசு அது. அதை என்றும் மறக்கக்கூடாது. ஆனால் விளைவைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னேரமே பாடவேளை ஆகிவிட்டது. மணி அடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். மஃரிபுக்கு முன்னே முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு தலைமுறை அப்படி வளர்ந்தது. படித்து முன்னுக்கு வந்தவர்கள் நிறையப் பேர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பத்து நிமிசம் தெளிவாகப் பேசக்கூடியவர்களைத் தேடினால் அந்தத் தலைமுறையில் விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொரு இழப்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருந்த தமிழ்ப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை முஸ்லிம் ஒருவரைக்கூடத் தெரியாமல் வளர்ந்தது. எங்கள் பிள்ளைகளும் யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளை ஒன்றோடு கூடப் பழகாமலே யாழ்ப்பாணத்தார் என்ற பெயரைச் சுமந்தார்கள். 2002க்குப் பிறகு மெல்ல மெல்லவும், 2009க்குப் பிறகு கூடுதலாகவும் திரும்பி வந்த குடும்பங்கள் ஊரைக் கண்டன. அயலவரின் பிள்ளைகளைத் தெரியவில்லை.

மணிக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

வகுப்பறை இன்று எங்கள் பிள்ளைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. முஸ்லிம் பாடசாலை, இந்துப் பாடசாலை, கிறிஸ்தவப் பாடசாலை என்று. இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தந்தச் சமூகம் தன் பிள்ளையைக் காக்கக் கட்டிய பள்ளிக்கூடங்கள் அவை. ஆனால் தமிழ்த் தினப் போட்டி வலய மட்டத்தில் நடக்கும்போது, தீவக வலயமும் யாழ்ப்பாண வலயமும் மாகாண மட்டத்தில் சந்திக்கும்போது, ஒரு உதைபந்தாட்டப் போட்டியில், ஒரு சாரணர் பாசறையில், பிள்ளைகள் ஒருவரையொருவர் காண்கிறார்கள். நடுவர் ஊதினால் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். தோற்றவன் வென்றவனுக்குக் கை கொடுக்க வேண்டும். நல்லிணக்கம் பற்றிப் பெரியவர்கள் நடத்தும் கருத்தரங்குகளில் பேசப்படுவதை விட இது ஆழமாகப் பதியும்.

இரண்டாவது நாக்கு. தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளைகள் மூன்று தவணை மன்றத்தில் நின்ற பிறகு குரல் நிமிர்ந்து வந்ததை நான் என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். சிறுபான்மைச் சமூகத்துக்குத் தன் நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அஸீஸ் 1952 முதல் பதினொரு ஆண்டு செனட் சபையில் பேசினார் என்றால் அந்த நாக்கு ஒரு நாளில் வளரவில்லை.

மூன்றாவது, பரீட்சையில் பின்தங்கும் பிள்ளையின் மானம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு 'நீ தோற்றவன்' என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுகிறோம். அதே பிள்ளை நல்ல கோல்காப்பாளனாக, நல்ல கஸீதாக் குரலாக, முதலுதவிப் படையில் பொறுப்பானவனாக இருக்கலாம். ஒன்றில் வென்ற பிள்ளை மற்றதிலும் முயலும். ஒன்றிலும் வெல்ல இடம் கொடுக்காத பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே போகும். கஸ்ஸாலி சொன்னது இதைத்தான்.

நாலாவது தீவகத்துக்கே உரியது. கடல் சூழ்ந்த ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது வெட்கம். நீச்சலும் முதலுதவியும் படகுப் பாதுகாப்பும் அங்கே உயிர் காக்கும் கல்வி.

தாய் தகப்பன்மாரின் கேள்விகள்

"சேர், விளையாடி என்ன உத்தியோகம் கிடைக்கப் போகுது? எங்களிட்ட காணி பூமியா இருக்கு? படிச்சால்தான் சோறு" என்று ஒரு உம்மா என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. இரண்டு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் இழந்த சமூகத்துக்குச் சான்றிதழ் ஒன்றுதான் யாராலும் பறிக்க முடியாத சொத்தாகத் தெரியும். ஆனால் இன்று சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கிறது. நேர்முகப் பரீட்சையில் ஒருவனை மற்றவனிலிருந்து பிரித்துக் காட்டுவது அவன் பேச்சும், நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கமும்தான். ரியூசனுக்குக் கொடுக்கும் ஐந்து பின்னேரத்தில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாது.

"பொம்பிளைப் பிள்ளை, இருட்டுக்கு முன்னே வீட்டுக்கு வரவேணும்" என்பது அடுத்த கவலை. நியாயமானது. அதற்காகப் பெண் பிள்ளைக்கு ஒன்றுமே வேண்டாம் என்று விடுவது நியாயமில்லை. லுஹருக்கும் அஸருக்கும் இடையில், பாடசாலை வளவுக்குள்ளேயே, பெண் ஆசிரியைகளின் பொறுப்பில் வலைப்பந்தாட்டமும் விவாதமும் சஞ்சிகையும் நடத்தத் தடை ஒன்றும் இல்லை. பார்க்கவும் ஓடவும் அன்னை ஆயிஷாவுக்கு (ரழி) இடம் கொடுத்த மார்க்கம் எங்களுடையது.

செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். புலமைப்பரிசில் நிதியை அஸீஸ் தொடங்கியபோதும் யாரும் உத்தரவு போடவில்லை.

தீவகத்தில் ஆசிரியர் தங்க நல்ல விடுதி இருந்தால் மணிக்குப் பிந்திய நேரம் தானாகத் திரும்பி வரும். வெளிநாட்டில் இருக்கும் தீவகத்தார் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். வாரத்தில் இரண்டு இரவு தங்கி இரண்டு பின்னேரம் பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியர் ஒருவருக்கு உணவும் உறைவிடமும் கொடுப்பது சுவர் எழுப்புவதை விடக் குறைந்த செலவு. இதில் முஸ்லிம், இந்து, கத்தோலிக்கர் என்று பிரிக்கத் தேவையில்லை. படகைத் தவற விடுகிற ஆசிரியர் எல்லாருக்கும் பொதுவானவர்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தங்கள் மண்டபத்தை வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகளின் வாசிப்புக்கும் பேச்சுக்கும் திறந்து விடலாம். ஒரு காலத்தில் சீறாப்புராணம் வாசிக்க ஊர் கூடியது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தே பிள்ளைகள் தமிழ் பழகினார்கள். முஸ்லிம் பாடசாலைகள் அயல் பாடசாலைகளோடு தவணைக்கு ஒரு விவாதமும் ஒரு உதைபந்தாட்டமும் என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஒரு வருசம் இங்கே, மறு வருசம் அங்கே. நயினாதீவுப் பிள்ளைகளையும் நெடுந்தீவுப் பிள்ளைகளையும் படகுச் செலவு கொடுத்து அழைத்து ஓர் இரவு விருந்தினராக வீடுகளில் தங்க வைத்தால், எண்ணூறு ஆண்டுக்கு முன்னே கல்லில் வெட்டிய கடமையை இந்தத் தலைமுறையும் செய்ததாக இருக்கும்.

ஆய்வு செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1990க்கு முந்திய யாழ்ப்பாண முஸ்லிம் பாடசாலைகளின் சஞ்சிகைகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், மீலாத் விழா நிகழ்ச்சி நிரல்கள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் யாருடைய பெட்டிக்குள்ளோ கிடக்கக்கூடும். வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் தேடிப் படம் பிடித்து வையுங்கள். எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்ற கணக்கு பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கும். எந்தப் பிள்ளை எந்த நாடகத்தில் நடித்தது, எந்தப் பள்ளிக்கூடத்தோடு விளையாடியது என்ற கணக்கு அந்தப் பெட்டிகளில் மட்டும்தான் இருக்கிறது.